வினைச்சொல் முன்னால் வரட்டும்: கட்டற்ற மென்பொருளைத் தமிழாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய கட்டற்ற அலுவலக மென்பொருள்களைத் தமிழில் ஆக்கித் தரும் தன்னார்வ நண்பர்களுக்கு,

வணக்கம்.

என் மடிக்கணினியின் திரை எப்போது பழுதானது என்று எனக்குத் தெரியாது. பொங்கலுக்கு ஊருக்கு வந்த அண்ணன் மகன், "என்ன அத்தை, திரை எரியவே இல்லையே, இதில் எப்படி வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அதற்கு முந்தைய ஆடியிலிருந்தே எரியாமல் இருந்திருக்கலாம். நான் பாட்டுக்குக் கணக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரை எரிந்தால் பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான்.

குடமுருட்டிக் கரையில் ஒரு சிற்றூரில், உழவர் சங்கம் ஒன்றுக்குக் கணக்கும் கடிதமும் எழுதுகிறேன். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்தால் எனக்கும் வேலை திறந்துவிடும். யார் குறுவை போடுகிறார்கள், யார் சம்பாவுக்குக் காத்திருக்கிறார்கள், எந்தப் புல எண்ணில் எவ்வளவு நிலம், என்ன ரகம், பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டியாயிற்றா என்பதெல்லாம் ஒரு விரிதாளில் இருக்கின்றன. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் மாக்கணக்கில்தான் பேசுகிறார்கள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. வேலி என்பது 6.67 ஏக்கர் என்பதால், மாவை 3-ஆல் வகுத்தால் ஏக்கர் வந்துவிடும். நான் சொந்தமாக எழுதிய முதல் சூத்திரம் அதுதான். சமக்குறி போட்டு, 'டி' நெடுவரிசையில் உள்ளதை 3-ஆல் வகுத்து, என்டர் தட்டியதும் காதில் விடை விழுந்த அந்த நிமிடம் என் வாழ்க்கையில் சின்ன விஷயம் இல்லை. இந்த வேலைக்காக ஒரு ரூபாய்கூட உரிமக் கட்டணம் கட்டியதில்லை. அதற்கு உங்களுக்கும், உங்களைப் போல உலகம் முழுக்க இருப்பவர்களுக்கும் நன்றி.

நன்றியைச் சொல்லிவிட்டேன். இனிச் சண்டை.

எந்தத் தொகுப்பில் எனக்கு இந்தத் தொல்லைகள் வந்தன என்று பெயர் சொல்லப் போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும்.

திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பானை எப்படிக் கேட்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பார்வையுள்ளவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் ஏதோ வெட்டுக்கிளி கத்துவது போல இருக்கும் என்பார்கள். அவ்வளவு வேகத்தில் வைத்திருப்போம். பட்டியலில் கீழ் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போவோம். ஒவ்வொரு வரியிலும் முதல் அசை காதில் விழுந்ததும் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்து அடுத்ததற்குப் போய்விடுவோம். முழுதாகக் கேட்டுக்கொண்டிருந்தால் பொழுது சாய்ந்துவிடும். அடுத்த விசையைத் தட்டிய அந்தக் கணமே, பேசிக்கொண்டிருந்த குரல் பாதியில் அறுந்துபோகும்.

மென்பொருளின் பட்டியல்களும் பொத்தான்களும் பேசும் மொழியைத்தான் இடைமுகம் என்கிறோம். இப்போது ஆங்கில இடைமுகத்தையும் தமிழ் இடைமுகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாருங்கள் என்றா சொன்னேன்? கேளுங்கள். விரிதாளில் ஷிப்ட்டோடு இடைவெளி விசையைத் தட்டி ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்து, ஷிப்ட்டோடு எஃப்10 அழுத்தினால் ஒரு பட்டியல் திறக்கும். ஆங்கிலத்தில் அதிலுள்ள கட்டளைகள் 'இன்சர்ட்', 'டெலீட்', 'ஹைட்' என்று தொடங்கும். 'இன்', 'டெ', 'ஹை' என்று முதல் அசையிலேயே மூன்றும் பிரிந்துவிடுகின்றன. தமிழில் என்ன வருகிறது? 'வரிசைகளைச் சேர்', 'வரிசைகளை நீக்கு', 'வரிசைகளை மறை'. மூன்றுக்கும் வாசல் ஒன்று. எது எது என்பது கொல்லைப்புறம் போனால்தான் தெரியும். நம் மொழியில் வினை கடைசியில் வருவதால் கண்ணுக்கு ஒரு கெடுதலும் இல்லை. கண் ஒரே பார்வையில் வரியின் கடைசிவரை போய்விடுகிறது. காது அப்படிப் போகாது. அது வரிசையில் நின்றுதான் வாங்கும்.

போன ஐப்பசியில் இதனால் எனக்கு ஒரு கெட்ட வேலை நடந்தது. சம்பாவுக்குக் காப்பீடு செய்ய நவம்பர் 15 கடைசி நாள். பணம் கட்டியவர்களின் வரிசைகளை மறைத்துக்கொண்டே வந்தால், மீதி நிற்பவர்கள் கட்டாதவர்கள். அவர்களுக்குத்தான் போன் செய்ய வேண்டும். வாசலில் மழை. ஓட்டின் மேல் விழுகிற சத்தத்தில் குரல் சரியாகக் கேட்கவில்லை. மூன்று வரிசைகளைத் தேர்ந்தெடுத்தேன், பட்டியலைத் திறந்தேன், அம்புக்குறியைத் தட்டினேன், 'வரிசைகளை' என்று கேட்டது, என்டர் தட்டினேன். குரல் அறுந்தது. அறுந்துபோன அந்தச் சொல் 'நீக்கு'.

மறைத்தாலும் நீக்கினாலும் காதுக்கு ஒன்றுதான்: அந்த ஆட்கள் பட்டியலில் இல்லை. பார்வையுள்ளவராக இருந்தால், மறைத்த இடத்தில் வரிசை எண் 41-இலிருந்து 45-க்குத் தாவியிருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்திருப்பார். நானும் ஒருமுறை மேலும் கீழும் போய் எண்ணைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். நான்கு நாள் கழித்து, எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் வந்து, "அம்மாடி, நான் பணம் கட்டினேனே, என் பெயர் எங்கே?" என்று திண்ணையில் உட்கார்ந்தார். தேடினேன். இல்லை. அவருடைய புல எண்ணும் இல்லை. கோப்பை எத்தனையோ முறை சேமித்து மூடியாயிற்று, செயல்தவிர்க்கவும் வழியில்லை. சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய அச்சுப் பிரதி இருந்ததால் மானம் தப்பியது. அவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி மூவரையும் திரும்ப ஏற்றினேன். கடைசி நாளுக்கு இரண்டு நாள்தான் பாக்கி.

அன்றிரவே இடைமுகத்தை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டேன். உங்களிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் இரவெல்லாம் விழித்து, சம்பளம் இல்லாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் விவாதித்துத் தமிழாக்கியதை ஒரே நிமிடத்தில் அணைத்துவிட்டேன். எனக்கு ஆங்கிலம் ஓரளவு தெரியும், அதனால் ஓட இடம் இருந்தது. தஞ்சாவூரில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே ஆறாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கு எங்கே ஓட இடம்?

நான் கேட்பது பெரிய வேலை அல்ல. ஒரே சொல்லில் தொடங்கும் கட்டளைகள் அடுத்தடுத்து வரும் இடங்களில் வினையை முன்னால் போடுங்கள். 'நீக்கு: வரிசை', 'மறை: வரிசை', 'சேர்: வரிசை'. இலக்கணம் கெட்டுவிடும் என்று தமிழாசிரியர்கள் சிலர் கோபிக்கலாம். அவர்களை ஒருமுறை முறைப்பாசன நாளில் எங்கள் வாய்க்கால் வரப்புக்கு அழைத்து வாருங்கள். தண்ணீர் உடைத்துக்கொண்டு போகும்போது யாரும் "தயவுசெய்து மடையை அடையுங்கள்" என்று கத்துவதில்லை. "அடை, அடை மடையை!" என்றுதான் கத்துகிறார்கள். தூரத்தில் நிற்பவன் காதில் முதலில் விழ வேண்டியது எதுவோ அது முதலில் வருகிறது. அவசரத்தில் தமிழ் எப்போதுமே அப்படித்தான் பேசியிருக்கிறது. கணினிப் பட்டியலும் கட்டளைதானே.

குறுக்குவிசையிலும் இதே போல ஒரு முள் இருக்கிறது. ஆல்ட் விசையோடு சேர்த்து அழுத்த வேண்டிய எழுத்தையும் சிலர் தமிழாக்கிவிடுகிறார்கள். விசைப்பலகை அந்த நேரம் ஆங்கிலத்தில் இருந்தால் பட்டியல் திறக்காது. ஏன் திறக்கவில்லை என்று எந்தக் குரலும் சொல்லாது. அடைப்புக்குறிக்குள் பழைய ஆங்கில எழுத்தையே விட்டுவைத்தால் போதும்.

அடுத்தது எழுத்துப்பிழை. இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதலாம், அவ்வளவு வயிற்றெரிச்சல். தமிழ்ச் சொல்லுக்கு வேற்றுமை உருபும் சாரியையும் ஒட்ட ஒட்ட வடிவம் மாறிக்கொண்டே போகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அகராதியில் 'பட்டா' இருக்கும், 'பட்டாதாரர்களுக்கும்' இருக்காது. பார்வையுள்ளவர்களுக்கு அதனடியில் ஒரு சிவப்பு நெளிகோடு. அதைப் பார்த்தும் பார்க்காதது போலப் போய்விடுவார்கள். எனக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் "எழுத்துப்பிழை" என்று ஒரு குரல். எழுத்துப்பிழை பட்டாதாரர்களுக்கும், எழுத்துப்பிழை குறுவைக்கான, எழுத்துப்பிழை மடைக்காரர்களிடம். ஒரு பத்தியைக் கேட்டு முடிப்பதற்குள் நாம் தமிழே படிக்கவில்லையோ என்று சந்தேகம் வந்துவிடும். அந்த அறிவிப்பை நிறுத்திவைத்தேன்.

நிறுத்தியதன் பலன் வேறு விதமாக வந்தது. எனக்குக் கிடைக்கும் இயந்திரக் குரலில் லகரமும் ளகரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ணகரமும் னகரமும் அப்படியே. நெல் கொள்முதல் நிலையம் ஒன்றுக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதினேன், 'கொல்முதல்' என்று. ஒரு தடவை அல்ல, கடிதம் முழுக்க. கையெழுத்துப் போட்ட தலைவரும் கவனிக்கவில்லை. வாங்கியவர் நல்ல மனிதர், போன் செய்து, "ஏனம்மா, எங்களைக் கொலைகாரர்கள் ஆக்கிவிட்டீர்களே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று மாலை முழுவதும் முகம் சுட்டுக்கொண்டே இருந்தது. காதால் எழுதுகிறவளுக்குத்தான் பிழைதிருத்தி கண்ணால் எழுதுகிறவரைவிட அதிகம் தேவை. அதை அணைத்துவைக்கத்தான் எனக்கு வழி இருக்கிறது. உருபுகளைப் பிரித்தறிகிற ஒரு நல்ல தமிழ்ப் பிழைதிருத்திக்காக உங்களில் யாராவது உழைத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து தொடருங்கள். சொல்வளம் தேவையானால் டெல்டாவின் வேளாண் சொற்களை நான் உட்கார்ந்து தட்டித் தருகிறேன்.

பெயரில்லாப் பொத்தான்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, இதை எல்லோரும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. பழைய எழுத்துருவில் இருப்பதை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடாக மாற்ற யாரோ அன்போடு எழுதிய நீட்சி (கூடுதல் கருவி) ஒன்றை நிறுவினேன். டேப் விசையைத் தட்டினால், "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று ஏழு முறை சொன்னது. அண்ணன் மகனைக் கேட்டு, மூன்றாவதுதான் மாற்றும் பொத்தான் என்று மனப்பாடம் செய்தேன். அடுத்த பதிப்பில் வரிசை மாறிவிட்டது. ஒரு பொத்தானுக்குப் பெயர் எழுத நிரலில் ஒரு வரி போதும் என்கிறார்கள்.

அந்த நீட்சி ஏன் எனக்குத் தேவைப்பட்டது என்பது தனிக் கதை. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டு ஆணை இட்டுவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் எங்கள் சங்கத்துக்கு வரும் சுற்றறிக்கைகளில் சில, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைச் சட்டை போட்டு மாட்டிய பழைய எழுத்துருக்களில்தான் வருகின்றன. திரைவாசிப்பானுக்குச் சட்டை தெரியாது, உள்ளே இருக்கும் ஆள்தான் தெரியும். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்திருப்பதை எழுத்தெழுத்தாகக் கேட்டால் எனக்கு என்ன வரும் தெரியுமா? ஜே, கே, பி, ஓ, செமிகோலன். தமிழ் என்ற சொல்லையே நான் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். படமாக ஸ்கேன் செய்து அனுப்பினால் அதுவும் வராது, மௌனம்தான். இதற்கு நீங்கள் பொறுப்பில்லை, ஆனால் நீங்கள் பயிற்சி வகுப்பு எடுக்கப் போகும்போது இதைச் சொல்லலாம். தலைப்பை வெறுமனே பெரிதாக்கித் தடிமனாக்காமல் தலைப்புப் பாணியைப் போடச் சொல்லலாம். அப்படிப் போட்டால்தான் நான் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ முடியும். இல்லாவிட்டால் 20 பக்கச் சுற்றறிக்கையைத் தலையிலிருந்து கால்வரை தடவிக்கொண்டே போக வேண்டும். கட்டற்ற அலுவலகத் தொகுப்பான லிப்ரே ஆபீஸில் 2020-இல் வந்த 7.0 பதிப்பிலேயே, ஆவணம் எங்களுக்கு எட்டுமா என்று சோதித்துச் சொல்லும் கருவி வந்துவிட்டது. பயிற்சி வகுப்புகளில் அதைக் காட்டியதாக இதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

"இலவசமாகத் தருகிறோம், இதற்கு மேல் என்ன கேட்கிறீர்கள்?" என்று உங்களில் ஒருவர் ஒருமுறை என்னிடம் கேட்டார். கோபமாக இல்லை, களைப்பாகக் கேட்டார். அந்தக் களைப்பு எனக்குப் புரிகிறது. சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்ட மாட்டேன். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், மின்னணு வசதிகள் எட்டுவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அரசையும் நிறுவனங்களையும் நோக்கித்தான். தூங்க வேண்டிய நேரத்தில் நிரல் எழுதுகிறவரை நோக்கி அல்ல.

ஆனால் மாசசூசெட்ஸில் நடந்ததை மட்டும் நினைவுபடுத்துகிறேன். 2005-இல் அந்த அமெரிக்க மாநில அரசு, தன் ஆவணங்களை எந்த ஒரு நிறுவனத்துக்கும் கட்டுப்படாத திறந்த ஆவண வடிவத்துக்கு மாற்றப் போவதாக அறிவித்தது. கட்டற்ற மென்பொருள்காரர்களுக்குத் திருவிழா. எதிர்ப்பு பெரிய நிறுவனத்திடமிருந்து வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், வந்தது. கூடவே மாற்றுத்திறனாளி அமைப்புகளிடமிருந்தும் வந்தது. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: அந்த வடிவத்தில் எழுதும் அன்றைய கட்டற்ற தொகுப்பான ஓப்பன் ஆபீஸ் எங்கள் திரைவாசிப்பானோடு சரியாகப் பேசவில்லையே, எங்கள் வேலை என்னாவது? கையில் தயாரான பதில் இல்லை. அந்தச் சூட்டில்தான் ஐபிஎம் நிறுவனம் மென்பொருளையும் திரைவாசிப்பானையும் பேசவைக்கும் 'ஐ-ஆக்ஸஸிபிள்2' என்ற பாலத்தை உருவாக்கி 2006 டிசம்பரில் பொதுவில் கொடுத்தது. அதற்கான நிரல் ஐபிஎம்மின் சிம்பொனி என்ற அலுவலகத் தொகுப்பிலிருந்து வந்து, லிப்ரே ஆபீஸின் 4.2 பதிப்பில் இடம்பெற்றபோது 2014. அதுவரை விண்டோஸில் ஜாவாவை நிறுவி, அதன் வழியாக ஒரு பாலத்தை இணைத்து, அது நடுவில் அறுந்தால் மறுபடி இணைத்து அல்லாட வேண்டியிருந்தது. சண்டைக்கும் தீர்வுக்கும் நடுவில் ஒன்பது வருடம். ஒரு பிள்ளை முதல் வகுப்பில் சேர்ந்து ஒன்பதாம் வகுப்பை முடிக்கும் காலம்.

இங்கேயும் அரசு வேலையில் 4 விழுக்காடு மாற்றுத்திறனாளிகளுக்கு, அதில் 1 விழுக்காடு பார்வைக் குறையுடையவர்களுக்கு என்று சட்டம் சொல்கிறது. நாளைக்கு ஏதோ ஓர் அலுவலகம் முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற நினைத்தால், அங்கே உட்கார்ந்திருக்கும் பார்வையற்ற எழுத்தர் "எனக்கு இது பேசவில்லை" என்று எழுதிக் கொடுப்பார். அவர் எழுதிக் கொடுத்தால் அவர் பக்கம்தான் நான் நிற்பேன், உங்கள் பக்கம் அல்ல. அப்படி ஒரு நாள் வரக்கூடாது என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

எங்களுக்கு உங்கள்மேல் உரிமை உண்டு என்று நினைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நான் பயன்படுத்தும் என்விடிஏ திரைவாசிப்பானை 2006-இல் தொடங்கியவர் மைக்கேல் கரன், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர். கணினி வாங்குகிற விலைக்கு மேல் அதைப் பேசவைக்கவும் ஏன் பார்வையற்றவர் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்டு, பைத்தான் மொழியில் எழுத உட்கார்ந்தார். விரைவில் ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்ற நிரலாளரும் சேர்ந்துகொண்டார். அதுவும் கட்டற்ற மென்பொருள்தான். அதில் தமிழ் பேசும் ஈஸ்பீக் குரலும் அப்படியே. ஆகவே நாங்கள் உங்கள் வீட்டுக்கு விருந்தாளிகளாக வரவில்லை. அதே வீட்டில் பின்கட்டில் குடியிருப்பவர்கள்.

வழு அறிக்கை எழுதுங்கள் என்பீர்கள். எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தில் படிவம், படிவத்தில் 'திரைப்பிடிப்பை இணைக்கவும்' என்று ஒரு கட்டம். என் திரையைப் பிடித்து நான் என்ன அனுப்புவது? தமிழில் எழுதலாம், ஒலிப்பதிவாக அனுப்பலாம் என்று யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டால் என் போன்றவர்கள் வண்டி வண்டியாக அனுப்புவோம். பதிப்பு வெளியாவதற்கு முன் கேட்டுப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டெல்டாவில் இன்னும் நான்கைந்து பேரை நான் அழைத்து வருகிறேன். நாற்று நடவு நாட்களில் மட்டும் கேட்காதீர்கள், சங்க வேலையில் மூச்சு விட நேரம் இருக்காது.

முடிந்தால் தை முடிந்து அறுவடை ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே வாருங்கள். கும்பகோணம் வரை ரயில் இருக்கிறது, அங்கிருந்து பஸ். என் மேசையில் உட்கார்ந்து, நீங்கள் தமிழாக்கிய மென்பொருளில் ஒரே ஒரு கடிதம் எழுதி, ஒரு சின்னக் கணக்குப் போட்டு, மூன்று வரிசைகளை மறைத்துக் காட்டுங்கள். திரையை அணைக்க வேண்டிய சிரமம்கூட இல்லை, அது ஏற்கெனவே எரிவதில்லை. வரும்போது ஒரு ஹெட்போன் கொண்டு வாருங்கள். என்னுடையது இடது பக்கம் மட்டும்தான் கேட்கிறது.

அன்புடன்,
குடமுருட்டிக் கரையிலிருந்து ஒரு கணக்கெழுதுபவள்